பத்தொன்பதாம் பிரிவு

சாண்டோஸ் துறைமுகத்தில், போன மார்ச்சில்,
மூன்று மணி நாற்பது நிமிடம்
மழை பெய்ததா இல்லையா என்பது வழக்கு.

நான் பிரேசில் போனதில்லை.
லண்டனில், ஃபென்சர்ச் தெருவுக்குப் பின்னால்,
நான்காம் மாடியில், சூடேறாத ரேடியேட்டர் பக்கத்தில்
இருபத்தாறு வருடமாக
அடுத்தவர் துறைமுகங்களின் மழையை எண்ணுகிறேன்.

மழை பெய்தால் சர்க்கரை ஏற்ற மாட்டார்கள்.
ஏற்றாத அந்த நேரம் கணக்கில் சேராது.
ஆகவே பெய்யாத மழைக்குத்தான் காசு:
மணிக்கு ஆயிரத்து நூறு டாலர்.

மூன்றாம் அதிகாரி ரோடெலியோ மக்பனுவா
கப்பல் பதிவேட்டில் எழுதியிருக்கிறான்:
02.10. தூறல்.
ஏழு எழுதினால் குறுக்கே ஒரு கோடு போடுகிறவன்.
என் தங்கை மகனின் கையெழுத்தைவிட
அவன் கையெழுத்து எனக்குப் பழக்கம்.
முகம் தெரியாது.
சரக்குக்காரரின் ஆள் எழுதியிருப்பதோ
கனமழை, வானமே கிழிந்த மாதிரி.

நடுவர் ஆஸ்பின்வால் அம்மாள்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்:
"சர்க்கரைக்கு எது தூறல், எது மழை?"

யாரும் பேசவில்லை.
ஒரு வக்கீல் தண்ணீர் குடித்தார்.

தோற்றோம்.
நாலாயிரத்து முப்பத்து மூன்று டாலர்,
முப்பத்து மூன்று சென்ட்.
அதைத் தோற்க ஆன செலவு
அதைப்போல் ஒன்பது மடங்கு.

வியாழக்கிழமை ஒருவர் வந்து திரையில் படம் காட்டினார்.
உலகத்துக் கடல்சேவை நகரங்கள், வரிசைப்படி.
போட்டித்திறன் என்ற சொல்லைப் பதினோரு முறை சொன்னார்
(எண்ணுவது என் வியாதி).
நமக்கு நேரே சிவப்பு அம்பு, கீழ்நோக்கி.
"இன்னும் மூன்று இடம் இறங்கினால்
இரண்டாம் டிவிஷனில் ஆட வேண்டியதுதான்"
என்றான் கெதின் ப்ரோபர்ட் என் காதில்.
சிரித்தேன். அப்புறம்
பிஸ்கட் தட்டு வரவில்லை என்பதைக் கவனித்தேன்.
போன வருடம் வந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தேம்ஸ்,
நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வடியும்,
யாரும் பில் அனுப்புவதில்லை.
கப்பல் கட்டிய இடத்திலெல்லாம் பால்கனிகள்,
பால்கனிகளில் சைக்கிள்கள்.
கப்பல் போய் அரை நூற்றாண்டு ஆகிறது.
கப்பலைப் பற்றிய சண்டை மட்டும்
இன்னும் இங்கேதான் வந்து இறங்குகிறது.

இறங்கிக்கொண்டிருந்தது.

இன்று காலை பிரேயஸிலிருந்து வூர்லாஸ்
புது ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார், சரிபார்க்கச் சொல்லி.
பத்தொன்பதாம் பிரிவு: வழக்கு நடக்கும் இடம்.
லண்டன் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு.
மக்பனுவாவின் ஏழில் ஓடுமே, அப்படி மெல்லிய கோடு.
பக்கத்தில்: துபாய்.

வேறு மாற்றம் இல்லை.
இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.
கோட்டுக்கு அடுத்த வரியில்
ஆங்கிலச் சட்டம் செல்லும் என்றிருந்தது,
யாரும் தொடாமல்.

போன் செய்தேன்.
"வூர்லாஸ், ஊரை அடித்தீர்கள்,
சட்டத்தை அடிக்க மறந்துவிட்டீர்கள்."
"மறக்கவில்லை, ஹெஸ்டர்.
சட்டம் இலவசம். ஆள்தான் விலை."
அவர் குரலில் கோபம் இல்லை.
மகளுக்கு வரும் மாதம் கல்யாணம் என்றார்,
கட்டாயம் வர வேண்டும் என்றார்,
உண்மையாகவே சொன்னார்.

உட்கார்ந்து சரிபார்த்தேன்.
பன்னிரண்டாம் பக்கத்தில்
மழை என்ற சொல்லுக்கு விளக்கம் இல்லை;
தூறலும் சேரும் என்று ஒரு வரி சேர்த்தேன்.
துபாயில் யாரோ ஒருவருக்கு
ஒரு மத்தியானம் மிச்சம்.

பிறகு பில் எழுதினேன்:
ஐம்பத்தைந்து நிமிடம்.
நடுவில் எழுந்துபோய்
ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற பத்து நிமிடத்தை
கழித்துவிட்டேன்.